எந்திரியும்வே, மருமவனே!

வாரும்வே மருமவனே, வாரும். அம்மன் கொடைக்குத் தவறாம வந்துட்டீரு, சந்தோசம். வண்டிய விட்டு இறங்குனதும் சாமி எங்கன்னு கேப்பீருன்னு பாத்தா, நாற்காலி எங்கன்னு கேட்டீரு. பரவாயில்ல. பேங்குல அம்புட்டு வருசமும் உம்மைச் சுமந்தது நாற்காலிதானே, அந்த நன்றிக்கடன் இருக்கும்லா.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படப்படாது. பூசாரி திருநீத்துத் தட்டோட வந்தப்போ நீரு எந்திரிச்ச அழகை நான் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மொதல்ல ரெண்டு கையையும் நாற்காலிக் கையில ஊணுனீரு. பொறவு ரெண்டு பக்கமும் பாத்தீரு, யாரும் தூக்கிவிட வாராங்களான்னு. யாரும் வரல. கண்ணை மூடி, பல்லைக் கடிச்சு, “எம்மா”ன்னு ஒரு சத்தம் குடுத்தீரு. இடுப்பு பாதி தூரம் மேல வந்து, அங்கனயே நின்னு, போகவா வேண்டாமான்னு யோசிச்சுது. அதுக்குள்ள பூசாரி அடுத்தாப்புல நின்ன நாலு பேருக்குத் திருநீறு குடுத்துட்டுத் திரும்பி வந்துட்டாரு. நீரு கூப்பிட்டது அம்மனைத்தான்னு நெனச்சு, பக்திய மெச்சி, உமக்கு மட்டும் ஒரு பிடி கூடுதலாப் பூசிட்டுப் போனாரு.

உமக்கு வயசு அறுவத்தி ஒண்ணு. எனக்கு எம்பதைத் தாண்டிட்டு. நம்ம ரெண்டு பேருல யாரைத் தாத்தான்னு கூப்பிடணும்னு தெரியாம உம்ம பேரன் முழிக்கான்.

உம்ம பையை நான் பிரிச்சுப் பாத்தேன்னு நெனைக்காதேயும். அதுவாத் தொறந்து கெடந்துச்சு. முட்டுக்கு மாட்டுத உறை ரெண்டு. தைலம் மூணு, மூணும் மூணு நாத்தம். ஜவ்வு வளருமுன்னு ஒரு மாத்திரை டப்பா. கையில புடிச்சா டிர்ர்ருன்னு நடுங்குத மெஷின் ஒண்ணு. காகிதத்துல பொதிஞ்ச கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு. பேரு எழுதாத பொட்டலத்துல சாம்பல் நெறத்துல ஒரு பொடி. பெரிய கவருக்குள்ள எக்ஸ்ரே. இதுக்கெல்லாம் இடம் குடுத்துட்டு உம்ம வேட்டிதான் பாவம், பிளாஸ்டிக் பையில தொங்குது.

இதை அம்புட்டையும் வரிசையா வச்சுப் பாரும். ஒண்ணு பூசுறது, ஒண்ணு மாட்டுறது, ஒண்ணு முழுங்குறது, ஒண்ணு குடிக்கிறது. எல்லாத்துலயும் நீரு சும்மா இருக்கீரு. வேற எதுவோ உமக்காகப் பாடுபடுது. படுத்துக்கிட்டே கைலாசம் போக வழி உண்டுன்னா அதுக்கும் ஆன்லைன்ல பணம் கட்டியிருப்பீரு. உம்ம முட்டுக்கு வேண்டியது இந்தப் பையிலயும் இல்ல, எந்தக் கடையிலயும் இல்ல. அதை விக்க முடியாது. அதனாலதான் அதை ஒருத்தனும் டிவியில வந்து உமக்குச் சொல்லல.

ஆட்டுக்கால் சூப்பு வாரத்துல மூணு நாளுன்னு கேள்விப்பட்டேன். ருசிக்குக் குடியும், எனக்கும் ஒரு தம்ளர் தாரும். ஆனா ஆட்டு முட்டுல இருக்க ஜவ்வு நேரா உம்ம முட்டுல போயி ஒட்டிக்கிடும்னு நம்புதீரு பாத்தீரா, அங்கதான் எனக்கு உம்ம பட்டத்து மேலயே சந்தேகம் வருது. வயித்துக்குள்ள போனா எல்லாம் செரிச்சுப் பிரிஞ்சுபோகும்வே. அது முன்னங்காலா பின்னங்காலான்னே உம்ம வயிறு கேக்காது. அந்தச் சாறு உம்ம இடது முட்டுக்கு வழி விசாரிச்சுப் போகுமாக்கும்?

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குதீரு. உம்ம அத்தை புண்ணியத்துல தெரியும். அவளுக்கும் முட்டுவலி வந்துச்சு. கட்டில்ல விழுந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். அந்தச் சமயத்துலதான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு கவர்மெண்டுல வீட்டுக்கே வந்தாங்க. 2021 ஆகஸ்டு 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்குன திட்டம். பிரஷரு, சக்கரைக்கு மாத்திரை குடுக்கதோட, படுத்த படுக்கையா கெடக்கவங்களுக்கு, கைகால் முடங்குனவங்களுக்கு பிசியோதெரபியும் வீட்டுல வச்சே செய்யச் சொல்லித் தாராங்க. எங்க வீட்டுக்கு ஒரு சின்னப்புள்ள வந்துச்சு. உம்ம அத்தை ஆசையா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டுனா. அந்தப் புள்ள கிண்ணத்தை வாங்கி ஓரமா வச்சுட்டு, “ஆச்சி, நான் தேச்சுவிட வரல. உங்களைச் செய்யவைக்க வந்திருக்கேன்”னு சொல்லிச்சு. உம்ம அத்தைக்கு மூஞ்சி சுருங்கிட்டு. எனக்கு அன்னைக்கே அந்தப் புள்ளையப் புடிச்சுப்போச்சு. எத்தனையோ வருசமா நான் சொல்ல நெனச்சதை ஒரு வரியில சொல்லிட்டுல்லா.

அதுகிட்ட நான் கேக்காத குறுக்குக் கேள்வி இல்ல. “ஏற்கனவே தேஞ்ச முட்டை இன்னும் ஆட்டுனா இன்னும்லா தேயும்?”னு கேட்டேன். நீரும் அதைத்தானே நெனச்சுப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீரு? அது சொன்னதைக் கேளும். எலும்பு முனையில வழவழன்னு ஒரு குருத்து மூடியிருக்கும். நாம ஜவ்வுன்னு பொதுவாச் சொல்லுதோம்லா, அது. அதுக்குள்ள ரத்தக்குழாய் கெடையாது. முட்டுக்குள்ள சொரக்கிற நீருதான் அதுக்குச் சாப்பாடு. காலை ஊணும்போது அந்தக் குருத்து அமுங்கும், எடுக்கும்போது விரியும். அப்படி அமுங்கி விரியும்போதுதான் அந்த நீரு உள்ள போயி வரும். நடக்காம உக்காந்தே இருந்தா முட்டு பட்டினி கெடக்கும். நம்ம ஊருல சொல்லுவாங்கல்லா, இறைச்ச கெணறு ஊறும், இறைக்காத கெணறு நாறும்னு. உம்ம கெணத்துல நீரு வாளியே விடல. மேல நின்னு தைலம் ஊத்துதீரு.

அடுத்தது தொடை. முட்டுக்கு மேல, முன்பக்கம் இருக்க பெரிய சதை. நீரு காலை ஊணும்போது அதிர்ச்சிய வாங்க வேண்டியது அதுதான். அது வத்திட்டா அம்புட்டுப் பாரமும் நேரா முட்டுல எறங்கும். வலிக்குதேன்னு நடக்க மாட்டீரு. நடக்காததால சதை வத்தும். சதை வத்துனதால இன்னும் வலிக்கும். உம்ம தொடையைத் தொட்டுப் பாரும். கூச்சப்படாதேயும், கொழுகொழுன்னு இருக்கத எல்லாம் சதைன்னு கணக்குல சேக்கப்படாது.

அந்தப் புள்ள சொல்லித் தந்த முறைய அப்படியே சொல்லுதேன். காலை நீட்டி உக்காரும். துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில வையும். அந்தத் துண்டை முட்டால கீழ அமுக்கும். தொடை கல்லு மாதிரி இறுகுதான்னு கையை வச்சுப் பாரும். அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கிட்டு விட்டுரும். இப்படிப் பத்து தடவை. உம்ம அத்தைக்கு எண்ணத் தெரியும். ஆனா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மாட்டா. உங்க அம்மை, அதான் என் தங்கச்சி, கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து போன சீர்ப் பாத்திரத்தை வச்சுத்தான் எண்ணுவா. அண்டா, உருளி, குத்துவெளக்கு, தாம்பாளம், பன்னீர்ச்செம்பு. அஞ்சு ஆச்சா, விட்டுருவா. பன்னீர்ச்செம்பு வரும்போது அவ தொடை இறுகுத இறுக்கத்தைப் பாக்கணுமே! வைராக்கியத்துலயே பாதி நோவு தீந்துட்டு.

ரெண்டாவது, மல்லாக்கப் படுத்து ஒரு காலை மடக்கிக்கிடும். மத்தக் காலை மடக்காம, மடக்குன முட்டு ஒசரத்துக்குத் தூக்கும். அஞ்சு எண்ணும். மெதுவா எறக்கும், தொப்புனு போடப்படாது. மூணாவது, ஒருச்சாஞ்சு படுத்து மேல இருக்க காலைப் பக்கவாட்டுல தூக்கி எறக்கும். அது இடுப்புச் சதைக்கு. நாலாவது, சொவத்தைப் புடிச்சு நின்னு குதிகாலை மேல தூக்கி எறக்கும். இதெல்லாம் ஒவ்வொண்ணும் பத்து தடவை.

அஞ்சாவதுதான் உமக்குன்னே செஞ்சது. உம்ம ஆசை நாற்காலிய எடுத்துச் சொவத்தோட சேத்துப் போடும். கையை நெஞ்சுல கட்டிக்கிடும். காலை நல்லா உள்ள இழுத்து, முன்னால சாஞ்சு, கை ஊணாம எந்திரியும். நேரா நில்லும். மெதுவா உக்காரும், பொத்துன்னு விழுந்தா கணக்குல சேராது. பத்து தடவை. முடியலைன்னா நாற்காலியில ஒரு தலகாணியப் போட்டு ஒசத்திக்கிடும், வாரம் போகப்போக அதை எடுத்துரும். பாத்தீரா, நாற்காலிய நான் வெறுக்கல. அதுல இருந்து எந்திரிச்சா அது வைத்தியம், எந்திரிக்காட்டிதான் வியாதி.

“வலிக்குமே மாமா”ம்பீரு. வலிக்கும். அதுக்கு ஒரு அளவு உண்டு. பத்துக்கு மூணு, நாலு அளவுக்கு வலி இருந்தா பயப்பட வேண்டாம், செய்யும். மறுநாளைக்குள்ள பழையபடி அடங்கிரணும். அடங்கலையா, இல்ல முட்டு வீங்குதா, அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம். அடுத்த நாளு கொறச்சுச் செய்யும். நிறுத்திராதேயும். கொறக்கது வேற, நிறுத்துறது வேற. பேங்குக்காரருக்கு நான் சொல்லணுமா? கரண்டு வைக்கிறது, வெந்நீர் ஒத்தடம், முட்டு உறை, இதெல்லாம் செத்த நேரத்துக்கு நோவைத் தணிக்கும். தணிஞ்ச அந்த நேரத்துல எந்திரிச்சு வேலை செஞ்சா அதுக்குப் பலன் உண்டு. தணிஞ்சுட்டேன்னு சீரியல் பாக்க உக்காந்தா, குடுத்த காசுக்கு வெந்நீர்தான் மிச்சம்.

முட்டு மடக்குனு சத்தம் போடுதுன்னு பயப்படுதீரு. வலியும் வீக்கமும் இல்லாம வெறும் சத்தம் வந்தா அதைப் போட்டும்னு விட்டுரும். இந்த வீட்டுல சத்தம் போடுத எல்லாத்துக்கும் நான் பயந்திருந்தா உம்ம அத்தையோட குடும்பம் நடத்தியிருக்க முடியுமா? எக்ஸ்ரேயையும் நேரம் கெட்ட நேரத்துல வெளக்குல புடிச்சுப் பாக்காதேயும். படத்துல நல்லாத் தேஞ்சு தெரியுதவன் வயல்ல வேலை செஞ்சுக்கிட்டு இருப்பான். படத்துல ஒண்ணும் இல்லாதவன் அய்யோன்னு படுத்திருப்பான். படத்துல இருக்க தேய்மானமும் ஆளுக்கு இருக்க வலியும் எல்லா நேரமும் ஒத்துப்போகாது.

கையில கெட்டியிருக்க கடியாரம் அடி எண்ணுதாமே. ஞாயித்துக்கிழமை பத்தாயிரம் அடி, திங்கள்ல இருந்து புதன் வரைக்கும் படுக்கை. யாரு சொன்ன கணக்கு இது? ஜப்பான்ல 1965-ல ஒரு கம்பெனி அடி எண்ணுத கருவிய விக்கிறதுக்கு வச்ச பேருல இருந்து கெளம்புன கணக்குவே இந்தப் பத்தாயிரம். வைத்தியன் சொன்னதில்ல, வியாவாரி சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வேற: வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிசம் மிதமான உழைப்பு, ரெண்டு நாளாவது சதைக்குப் பயிற்சி. அறுவத்தஞ்சு தாண்டுனவங்க விழாம நிக்கதுக்கும் வாரத்துல மூணு நாளு பழகணும். நிலைப்படியைப் புடிச்சு ஒத்தக்கால்ல நின்னு பழகும். உம்மால ஒரே மூச்சுல பத்து நிமிசம்தான் நடக்க முடியுமா, காலையில பத்து, மத்தியானம் பத்து, சாயந்திரம் பத்துன்னு நடயும். தெனமும் நடயும். ஞாயித்துக்கிழமை வீரனுக்கு நம்ம ஊருல செலை கெடையாது.

இப்ப வயித்துக்கு வாறேன். சட்டைய இழுத்துவிடாதேயும், நான் ஏற்கனவே பாத்துட்டேன். எடை கூடுன முட்டுவலிக்காரங்களை வச்சு அமெரிக்காவுல அளந்து 2005-ல எழுதியிருக்காங்க: ஒரு கிலோ கொறஞ்சா, ஒவ்வொரு அடியிலயும் முட்டுல எறங்குத பாரம் நாலு கிலோ கொறயும். ரிட்டயர் ஆனதுக்குப் பொறவு நீரு ஏத்துனது பன்னிரண்டு கிலோன்னு உம்ம வீட்டுக்காரி சொன்னா. கணக்குப் போடும். நாப்பத்தெட்டு கிலோ. சிமெண்டு மூட்டைக்கு ரெண்டே கிலோதான் கம்மி. அதைத் தூக்கிக்கிட்டு அடிக்கு அடி நடந்துட்டு முட்டைக் குத்தம் சொல்லுதீரு. கொடைச் சாப்பாட்டுல ரெண்டு பாயசம் நீரு வாங்குனப்போ உம்ம முட்டு இலைக்கு அடியில இருந்து அழுத சத்தம் எனக்கே கேட்டுச்சு.

கம்பு புடிக்க வெக்கமா இருக்காக்கும்? முருகனே வேலும் கையுமா நிக்கான், உமக்கென்ன வெக்கம். ஆனா கம்பை நோவுத கால் பக்கம் புடிக்கப்படாது. எதிர்க் கையில புடிக்கணும். வலது முட்டு வலின்னா கம்பு இடது கையில. மாடிப்படி ஏறும்போது நல்ல காலை மொதல்ல வையும். எறங்கும்போது நோவுத காலை மொதல்ல வையும். முட்டு ரொம்ப நோவுத நாளுல ரொம்ப நேரம் சம்மணம் போடதையும் குத்தவைக்கதையும் கொறச்சுக்கிடும். கக்கூசுல ஒசந்த பீங்கான் போட்டா குலப்பெருமை கொறஞ்சுபோகாது. ஆனா ஒசந்த நாற்காலி, ஒசந்த கட்டில், ஒசந்த கக்கூசுன்னு எல்லாத்தையும் ஒசத்திட்டு, முட்டை முழுசா மடக்கி நீட்டாம விட்டுட்டீருன்னா பொறவு மடக்கணும்னு நெனச்சாலும் மடங்காது. நோவு பொறுக்குற அளவுக்குத் தெனமும் மடக்கி நீட்டும்.

ஜவ்வு மாத்திரைக்கு வருவோம். குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின்னு டப்பாவுல போட்டிருக்கு. அமெரிக்காவுல ஆயிரத்தி ஐநூறு பேருக்கு மேல வச்சுச் சோதிச்சு 2006-ல சொல்லிட்டாங்க, மொத்தத்துல பாத்தா மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட அது பெருசா ஒண்ணும் கிழிக்கலன்னு. ஓட்டை போட்டு முட்டைக் கழுவுற ஆபரேசன் செய்யலாமான்னு கேட்டீராமே? அதையும் அமெரிக்காவுல, ஹூஸ்டன்ல 180 பேரை வச்சுச் சோதிச்சாங்க. கொஞ்சப் பேருக்கு நெசமாவே கழுவுனாங்க; கொஞ்சப் பேருக்கு வெறுமனே தோலைக் கீறித் தைச்சுவிட்டாங்க. ரெண்டு வருசம் பாத்தாங்க. தேய்மான வலியில ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. 2002-ல அச்சுல வந்த சங்கதி. முட்டையே மாத்துத ஆபரேசன் வேற. நெசமாவே தேஞ்சு, நடக்க முடியாம, ராத்திரி தூக்கம் இல்லாம, மத்த வழி எல்லாம் பாத்து முடிஞ்சவனுக்கு அது பெரிய வரம். ஆனா அதுலயும் ஒரு சூது இருக்கு மருமவனே. ஆபரேசன் முடிஞ்ச அன்னைக்கோ மறுநாளோ பிசியோ வந்து கட்டில் பக்கத்துல நின்னு, “எந்திரிங்க சார், நடக்கணும்”பாங்க. எதுக்குப் பயந்து ஓடுனீரோ அதே துண்டு, அதே காலைத் தூக்குறது. லட்சக்கணக்குல செலவழிச்சும் தப்பிக்க முடியாது.

அந்தப் பேரில்லாத பொடிய மட்டும் இன்னைக்கே குப்பையில போடும். ஒரு வேளையில வலி பறந்துட்டுன்னு சொன்னீரு. அங்கதான் எனக்குப் பயம். இந்த மாதிரிப் பொடியில ஸ்டீராய்டைக் கலந்து விக்கிறவங்க இருக்காங்க. சக்கரை ஏறும், பிரஷரு ஏறும், எலும்பு பலம் போகும். வலி மாத்திரையையும் மெடிக்கல்ல நீராக் கேட்டு மாசக்கணக்குல முழுங்கப்படாது; வயிறு புண்ணாகும், கிட்னி கெடும். முட்டைக் காப்பாத்தப் போயி கிட்னியக் குடுத்துட்டு வாரது எந்த ஊரு வியாவாரம்?

இனிமே கேலி இல்ல, காதைத் தீட்டிக் கேளும். முட்டு திடீர்னு வீங்கி, செவந்து, சூடா இருந்து, கூடக் காய்ச்சலும் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். விழுந்து எந்திரிச்சு காலை ஊணவே முடியலைன்னாலும், முட்டு மடக்குன இடத்துலயே பூட்டிக்கிட்டாலும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலும் அப்படித்தான். காலையில எந்திரிச்சதும் அரை மணி நேரத்துக்கு மேல கைவிரல் கணுவெல்லாம் வெறைச்சு வீங்கி இருந்தா அது வெறும் தேய்மானம் இல்ல, வாதமா இருக்கலாம். டாக்டரு ரத்தம் எடுத்துப் பாக்கணும். இந்த மாதிரி இல்லாத சாதா முட்டுவலிக்கு, ஒரு தடவை பிசியோகிட்ட போயி உம்ம காலுக்கு எது தோதுன்னு கேட்டுச் செய்யும்.

உம்ம அத்தைக்கு மொத மாசம் ஒண்ணும் தெரியல. வாய் நிறைய வசவுதான். அதுக்குப் பொறவுதான் தானா எந்திரிச்சா. இப்ப சந்தைக்கு நடந்து போயி, வெலை கேட்டுச் சண்டை போட்டு, நடந்தே திரும்பி வாரா. ஒரு ரூவா மருந்துக்குச் செலவில்ல. அவ சண்டைக்குத்தான் செலவு.

ஆக, தீர்ப்பு இதுதான். ஒரு நாளைக்கு இருபது நிமிசம், மூணு மாசம், ஒரு நாளும் விடாம. உமக்காக உம்ம பொண்டாட்டி செய்ய முடியாது, சம்பளத்துக்கு ஆளு வச்சும் செய்ய முடியாது. செஞ்சும் நோவு கொறையலைன்னா எங்கிட்ட வாரும், நானே உம்மைப் பெரிய டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போறேன். செய்யாம வந்தீருன்னா, முட்டுவலிங்கத பேச்சையே எங்கிட்ட எடுக்கப்படாது.